பெரிய டொக்டரின் குளிசை, சின்ன டொக்டரின் கையெழுத்து

பலேர்மோவில் எங்கள் ஆட்களுக்கு இரண்டு வகையான டொக்டர்மார் இருந்தார்கள். தெருவில் இருக்கிற குடும்ப டொக்டர் சின்ன டொக்டர். ஆஸ்பத்திரியில் இருக்கிற விசேட வைத்தியர் பெரிய டொக்டர். இந்தப் பெயர்களை யார் வைத்தார்களோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று கதைக்கும்போது எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். எங்களுடைய சின்ன டொக்டர் உடம்பில் பெரியவர். அவர் இருந்தால் கதிரை தெரியாது. பெரிய டொக்டர் ஒல்லி. அவருடைய வெள்ளைக் கோட்டுக்குள் இன்னொரு டொக்டரும் வசதியாக இருந்திருக்கலாம். சின்னது பெரியது என்பது உடம்பைப் பற்றியது அல்ல, அதிகாரத்தைப் பற்றியது என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் பிழை என்று பிறகுதான் தெரிந்தது.

என் கணவருக்கு வலிப்பு. இளவயதில் இரண்டொரு தரம் வந்ததாம். எங்களுக்குக் கலியாணம் பேசியபோது சீதனம் பேசினார்கள், மோதிரம் பேசினார்கள், பந்தல் யார் போடுவது என்று ஒரு முழுப் பின்னேரம் பேசினார்கள். இதைப் பேசவில்லை. நான் மன்னாரிலிருந்து பலேர்மோவுக்கு அவரிடம் வந்து சேர்ந்த சில மாதங்களில், பூசை நடுவில், காணிக்கைப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நின்றபோது அவர் மட்டும் விழுந்தார். வலிப்பு வந்தவரின் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லாத விஷயம். கோயிலில் இருந்த அத்தனை பேரும் தங்கள் வீட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவருடைய கையில் திணித்தார்கள். இத்தாலியப் பாதர் ஒன்றும் விளங்காமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அம்புலன்சுக்குப் போன் அடித்தார். அன்று மத்தியானம் பல குடும்பங்கள் தங்கள் வீட்டு வாசலிலேயே நிற்க வேண்டியதாகிவிட்டது. திறப்புகள் எல்லாம் எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டன.

அங்கேதான் பெரிய டொக்டரைக் கண்டோம். மூளை, நரம்பு எல்லாம் அவருடைய இலாகா. அவர் முதலில் தந்த குளிசை வலிப்பை நிற்பாட்டியது, ஆனால் என்னுடைய மனிசனையும் சேர்த்து நிற்பாட்டியது. நின்றபடியே நித்திரை கொண்டார். சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் கையில் சோற்று உருண்டையோடு நித்திரை கொண்டார். வேறு ஆளென்றால் பரவாயில்லை. இவருக்குத் துறைமுகத்தில் வேலை. நாப்போலிக்குப் போகிற கப்பலில் சாமான் ஏற்றுகிற வேலை. நாள் முழுக்க லொறிகளும் தூக்கு வண்டிகளும் முன்னாலும் பின்னாலும் ஓடுகிற இடம். அங்கே ஒருவர் விழுந்தால் விழுவதற்குத் தரை மட்டும் இல்லை, கடலும் இருக்கிறது. வேலை கொடுத்தவருக்கு வலிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் பெர்மெஸ்ஸோ போகும், அந்த வதிவிட அனுமதி போனால் நாங்கள் இருவரும் போக வேண்டும்.

இரண்டாவதாகத் தந்தது ஒரு புதுக் குளிசை. சும்மா சொல்லக்கூடாது, அது நல்ல குளிசை. வலிப்பு வரவில்லை, நித்திரை தூங்கி விழவும் இல்லை, மனிசன் மனிசனாக எழும்பி வேலைக்குப் போனார். அதைப் பெரிய டொக்டர் தன்னுடைய அறை அலுமாரியிலிருந்து எடுத்துத் தருவார். மருந்துக் கம்பனி ஆட்கள் அவரிடம் சும்மா கொடுத்துவிட்டுப் போகிற பெட்டிகள். நாங்கள் போவோம், அவர் எப்படி இருக்கிறது என்று கேட்பார், என் கணவர் தலையை ஆட்டுவார், அவர் அலுமாரியைத் திறப்பார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. நான் அந்த அலுமாரிக்கு மனதுக்குள் ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் அவர் அலுமாரியைத் திறக்கவில்லை. கடைசியாக ஒரு பெட்டியை மேசை லாச்சியிலிருந்து எடுத்துத் தந்தார். அதோடு ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதித் தந்து, "இனி இதை உங்கட குடும்ப டொக்டர் எழுதித் தருவார்" என்றார். சந்தோசமாக வாங்கிக்கொண்டு நேரே மருந்துக்கடைக்குப் போனேன். மருந்துக்கடைக்காரி தாளை வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். அது மருந்துச்சீட்டு இல்லையாம். "சி கொன்சில்யா" என்று எழுதியிருக்கிறதாம். அப்படியென்றால் புத்திமதி. இந்தக் குளிசை நல்லது என்று பெரிய டொக்டர் புத்திமதி சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். குளிசை வேண்டுமென்றால் அந்தப் புத்திமதியைச் சின்ன டொக்டர் தன்னுடைய சிவப்புத் தாளில் பார்த்தெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு விளங்கியது இதுதான்: மருந்தைப் பற்றித் தெரிந்தவரிடம் தாள் இல்லை, தாள் வைத்திருப்பவருக்கு மருந்தைப் பற்றித் தெரியாது. புத்திமதி கேட்கப் பாதரிடமே போயிருக்கலாமே என்று அவளிடம் தமிழில் சொல்லிவிட்டு வந்தேன்.

சின்ன டொக்டரின் இடம் கால்சா என்கிற பழைய பகுதியில், நாங்கள் இருந்த ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கை. பழைய மாளிகை ஒன்றின் கீழ்த்தளம். மேலே சுவரில் பூச்செடி முளைத்திருக்கும், கீழே பத்துப் பதினைந்து பேர் இருமிக்கொண்டு இருப்பார்கள். உள்ளே போனவுடன் "ஆர் கடைசி?" என்று கேட்க வேண்டும். கடைசியாக வந்தவர் கையைத் தூக்குவார். அவருக்குப் பிறகு நாங்கள். நம்பர் இல்லை, சண்டை இல்லை. அந்த ஒரு பழக்கத்துக்காகவே இந்த ஊர் ஆட்களை மதிக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

எனக்குத் தெரிந்த இத்தாலியன் வீட்டு வேலை இத்தாலியன். வாளி, துடைப்பம், யன்னல், கவனம், உடையும். அதை வைத்துக்கொண்டு வெள்ளைத் தாளைச் சின்ன டொக்டரிடம் கொடுத்து, கணவர், குளிசை, நல்லது, தாங்கோ என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, மோவாயை, நாங்கள் சொல்கிற நாடியை, மேலே தூக்கி, நாக்கால் 'ட்ச்' என்று மெல்லிய சத்தம் ஒன்று போட்டார்.

நாடியை மேலே தூக்கினால் எங்கள் ஊரில் என்ன கருத்து? என்ன விஷயம், சொல்லு என்று கருத்து. ஆகவே சொன்னேன். வலிப்பு என்பதற்கு எனக்கு இத்தாலியன் தெரியாது, எழுந்து நின்று கையை உதறிக் காட்டினேன். அவர் திரும்பவும் நாடியைத் தூக்கினார். சரி, இன்னும் விளங்கவில்லை என்று நினைத்து, விழுவது, வாயில் நுரை வருவது, பிறகு நித்திரை, எல்லாம் நடித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதற்குப் பிறகும் நாடியைத் தூக்கினார். வெளியில் இருமுகிற ஆட்கள் இருமலை நிற்பாட்டிவிட்டுக் கதவு இடுக்கால் பார்த்தார்கள்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பலேர்மோ ஆட்களுக்குக் கொஞ்சம் காது மந்தம் என்று நான் வந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தையில் கொத்தமல்லி இருக்கிறதா என்று கேட்டால் நாடியைத் தூக்குவார்கள். சத்தமாக இன்னொரு தரம் கேட்பேன், திரும்பவும் தூக்குவார்கள். பஸ் சாரதியும் அப்படி, பாண் விற்கிறவனும் அப்படி. கடலோர ஊர், அலைச் சத்தத்தில் காது போயிருக்கும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, எல்லாரிடமும் உரத்துக் கதைத்துப் பழகிவிட்டேன். டொக்டருக்கும் அதே காது வருத்தம் இருப்பது கொஞ்சம் யோசிக்க வைத்ததுதான். ஆனால் டொக்டருக்கு வருத்தம் வரக் கூடாது என்று சட்டம் இல்லையே.

வீட்டுக்கு வந்து குசினியில் நின்று கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் மாதிரியே நாடியைத் தூக்கிக் காட்டி, "என்ன என்ன எண்டே கேட்டுக்கொண்டிருக்கிறார். எத்தினை தரமப்பா ஒருத்தருக்குச் சொல்லுறது" என்றேன். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அவர் எதற்கும் அப்படித்தான். சோறு போடவா என்றாலும் சாய்ப்பார், மழை வரும்போல என்றாலும் சாய்ப்பார். அது ஓம் என்று எடுத்துக்கொண்டு நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்ப்பேன். வாய்க்குள் கொழுக்கட்டை வைத்திருக்கிற மனிசனோடு வேறு எப்படிக் குடும்பம் நடத்துவது.

அடுத்த தரம் போகும்போது, ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனேன். அந்த ஊர் ஆட்கள் டொக்டருக்குச் சும்மா போக மாட்டார்கள். சியாகுல்லிப் பக்கத்துத் தோட்டத்து மண்டரின் தோடம்பழம், முட்டை, மீன் என்று ஏதாவது கொண்டுபோவார்கள். சின்ன டொக்டர் ரோல்ஸை மணந்து பார்த்தார், ஒன்றைச் சாப்பிட்டார், காரத்தில் கண் கலங்கி இன்னொன்றையும் சாப்பிட்டார். கையைத் துடைத்துவிட்டு வெள்ளைத் தாளைப் பார்த்தார். நாடியைத் தூக்கினார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இவ்வளவு தின்றுவிட்டும் என்ன என்று கேட்கிற மனிசனை என்ன செய்வது.

பெட்டியில் குளிசை குறைந்துகொண்டு வந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் அவர் ஒன்றை விழுங்கின பிறகு நான் மிச்சத்தை எண்ணி வைப்பேன். அவர் துறைமுகத்துக்குப் போன பிறகு நான் தரை துடைத்துக்கொண்டே கப்பல் விளிம்பையும் கடலையும் நினைப்பேன். அந்த நாட்களில் வீட்டில் நான் சிடுசிடு என்றுதான் இருந்தேன். அவரும் வேறு, பக்கத்தில் வைக்கிற தேத்தண்ணீரை எல்லாம் தட்டி ஊற்றுவார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். தெருவைக் கடக்க நின்றால் மாதா சொரூபம் மாதிரி நிற்பார். "கண்ணை எங்கை வைச்சுக்கொண்டு திரியிறியள்" என்று ஏசுவேன். அவர் ஊற்றின தேத்தண்ணீரைத் துடைப்பார். குளிசை முடியப்போகிற கவலை அவருக்கும் இருக்கிறதாக்கும் என்று பிறகு மனம் இரங்குவேன்.

நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு, அந்த வீட்டு அம்மாவுக்கு, வயது போனாலும் தலை தெளிவு. ஒரு நாள் அவவின் சட்டைகளை மினுக்கிக்கொண்டே இந்தக் கதையைச் சொல்லிப் புலம்பினேன். டொக்டர் என்ன என்ன என்று கேட்கிறார், நான் சொல்லச் சொல்லக் கேட்கிறார், அவருக்குக் காது கேட்பதில்லை என்றேன்.

"எப்பிடிக் கேட்கிறார்?" என்றா சிஞ்ஞோரா.

நாடியைத் தூக்கி, நாக்கால் சத்தமும் போட்டுக் காட்டினேன்.

சிஞ்ஞோரா தானும் ஒருக்கால் நாடியைத் தூக்கிக் காட்டினா. பிறகு, "அவர் ஒண்டும் கேட்கேல்லை. இல்லை எண்டு சொல்லுறார்" என்றா. "சிசிலியில நாங்கள் இல்லை எண்டு சொல்லுறது இப்பிடித்தான்." அதோடு விடாமல், "அப்ப நான் பல்கனியைத் திரும்பக் கழுவ வேண்டாம் எண்டு சொல்லேக்கை நீ என்ன நினைச்சனீ?" என்று கேட்டா.

நான் மினுக்குப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். அவவும் என்னோடு நாடியால் கதைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறா. நான் அந்த வருடம் முழுக்க அந்த வீட்டுப் பல்கனியை ஒவ்வொரு முறையும் இரண்டு தரம் கழுவியிருக்கிறேன். கால்சாவில் அவ்வளவு சுத்தமான பல்கனி வேறு இருந்திருக்காது. இவள் ஒரு பிடிவாதக்காரி, ஆனால் நல்ல வேலைக்காரி என்று சிஞ்ஞோரா நினைத்துக்கொண்டிருந்தாவாம். சந்தையில் கொத்தமல்லி இல்லை என்று சொன்ன மனிசனிடம் தொண்டை கிழியக் கத்தியதை எல்லாம் நினைத்து எனக்கு வெட்கம் வந்தது. பிறகு சின்ன டொக்டரை நினைத்தேன். வெட்கம் போய்க் கோபம் வந்தது. இல்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு ரோல்ஸ் தின்றிருக்கிறார்.

அடுத்த முறை கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். அவருக்கு அன்று வேலை இல்லை. "நீங்கள் வந்து இருந்தாக் காணும், நான் கதைக்கிறன்" என்றேன். சின்ன டொக்டரின் அறைக்குள் போகும்போது அவர் கதவு நிலையில் தோளை இடித்தார். அப்பால் போய்ச் சுவரோரம் இருந்த சின்ன வாங்குப் பலகையில் காலை இடித்தார். டொக்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை. எனக்கு அந்த நேரம் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது.

சொன்னேன். இல்லை என்றால் ஏன் இல்லை. ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் நல்லது என்று எழுதியிருக்கிறார். அவரைவிட உங்களுக்குக் கூடத் தெரியுமா. குளிசை இன்றைக்கோ நாளைக்கோ முடியப்போகிறது. துறைமுகத்தில் விழுந்தால் நீங்கள் வந்து தூக்குவீர்களா. எனக்குத் தெரிந்த அத்தனை இத்தாலியனும் அதில் போனது. வாளியும் யன்னலும்கூட எங்கோ ஓரிடத்தில் வந்திருக்கும்.

சின்ன டொக்டர் கோபப்படவில்லை. ஒவ்வொரு சொல்லாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னார். "சிஞ்ஞோரா, பெரிய டொக்டர் இந்தக் குளிசையைத் தெரிஞ்செடுத்தார். நான் எழுதினா அதில என்ர கையெழுத்துத்தான் இருக்கும். இதைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. இந்த மனிசனுக்கு ஏதும் நடந்தா, ஆர் எழுதினது எண்டு கேட்பினம். தெரியாத ஒண்டுக்குக் கீழை நான் பெயர் போட மாட்டன். நான் பார்த்தெழுதுற கிளாக்கர் இல்லை."

பிறகு மேசைப் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தார். பெரிய டொக்டரைப் பிடிக்கக் கன நேரம் எடுத்தது. இருவரும் கதைத்ததில் பாதிதான் எனக்கு விளங்கியது, ஆனால் ஒருவரை ஒருவர் "காரோ கொல்லேகா", அன்பான சக டொக்டரே, என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சண்டை பிடித்தது விளங்கியது. அன்பான சக டொக்டரே, நான் ஆஸ்பத்திரி ஆள், சிவப்புத் தாள் உங்களிடம்தானே இருக்கிறது. அன்பான சக டொக்டரே, தெரிந்தெடுத்தது நீங்கள், தாளுக்கு மட்டும் நானா. அன்பான சக டொக்டரே, எனக்கு வெளியில் நோயாளிகள் நிற்கிறார்கள். அன்பான சக டொக்டரே, எனக்கென்ன வெளியில் ஆடுமாடா நிற்கிறது. அன்பு கூடக்கூடச் சத்தமும் கூடியது. எங்கள் ஊரில் இவ்வளவு மரியாதையாகச் சண்டை பிடித்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.

நடுவில் சின்ன டொக்டர் போனை வைக்காமல் மேசையில் படுக்கப் போட்டார். பெரிய டொக்டர் அதற்குள்ளிருந்து தன்பாட்டுக்குக் கதைத்துக்கொண்டிருந்தார். சின்ன டொக்டர் என் கணவரின் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுங்கோ. இந்தக் குளிசையை உங்களுக்கு நான் எழுதட்டோ?" என்று கேட்டார்.

என் கணவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"வேண்டாம் எண்டுறார்" என்றார் டொக்டர்.

"இல்லை டொக்டர், அது ஓம். எங்கட ஆக்கள் ஓம் எண்டா அப்பிடித்தான் தலையைச் சாய்ப்பினம்" என்றேன். இத்தனை நாள் இவர்களுடைய நாடியை நான் பிழையாக வாசித்ததற்கு, இப்போது எங்களுடைய தலையை இவர் பிழையாக வாசிக்கிறார், கணக்குச் சரி என்று நினைத்தேன்.

"சரி. அப்ப உங்கட ஆக்கள் வேண்டாம் எண்டா எப்பிடிச் சொல்லுவினம்?"

நான் வாயைத் திறந்தேன். இந்த மனிசன் வேண்டாம் என்று எப்போது சொன்னார் என்று யோசித்தேன். எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவரைப் பார்த்துத் தமிழில், "இஞ்சாருங்கோ, வாயைத் திறந்து சொல்லுங்கோ. எழுதட்டோ, வேண்டாமோ?" என்றேன்.

"வேண்டாம்" என்றார்.

போனுக்குள் பெரிய டொக்டர் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் வேண்டாம்?" என்றேன்.

"பக்கம் தெரியுதில்லை."

"என்ன பக்கம்?"

"ரெண்டு பக்கமும். நேரை பார்த்தாத் தெரியும். பக்கத்தில வாறது தெரியாது. போன மழைகாலத்துக்குப் பிறகு துடங்கினது. இப்ப லொறி கிட்ட வந்த பிறகுதான் காணுறன். சத்தத்தை வைச்சுத்தான் விலத்துறன்."

நான் அதை இத்தாலியனில் சொல்ல வேண்டும். பக்கம் என்ற சொல் எனக்குத் தெரியும், அலுமாரியை நகர்த்தும்போது சிஞ்ஞோரா சொல்லுவா. கண் தெரியும். இல்லை என்பது இப்போது நாடியாலும் தெரியும். இருந்தும் நான் அந்தச் சொற்களைக் கோத்து முடிப்பதற்குள் என் கணவரே துறைமுகத்து இத்தாலியனில் டொக்டருக்குச் சொன்னார். எனக்குத் தெரியாத எத்தனையோ சொற்கள் அவருக்குத் தெரிந்திருந்தன. இவ்வளவு வருடம் அந்த ஊர் ஆட்களோடு சாமான் ஏற்றினவருக்கு நாடியைத் தூக்கினால் என்ன கருத்து என்று தெரியாமல் இருந்திருக்காது. நான் குசினியில் நின்று நடித்துக் காட்டிய அன்றே அவருக்குத் தெரியும், டொக்டர் இல்லை என்கிறார் என்று. அவர் அதை எனக்குச் சொல்லவில்லை. டொக்டர் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்.

சின்ன டொக்டர் எழுந்து வந்து அவருக்கு முன்னால் நின்று, தன் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி விரல்களை ஆட்டினார். கைகள் மெல்ல மெல்ல உள்ளே வந்தன. தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, முகத்துக்குக் கிட்ட வரும் வரைக்கும் என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகுதான் "இப்ப தெரியுது" என்றார். டொக்டர் போனை எடுத்தார். இந்த முறை அன்பான சக டொக்டரே என்று சொல்லவில்லை. கதைத்ததும் கொஞ்சம்தான்.

குளிசையைத் திடீரென்று விடக் கூடாது, மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும் என்றார்கள். அதற்கு வேண்டிய குளிசைக்குப் பெரிய டொக்டர் வேறெங்கோ தேடி ஒரு பெட்டி எடுத்து வந்தார். ஆஸ்பத்திரியில் கண் பார்க்கிற பகுதிக்கு அவரே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கெட்ட மனிசன் இல்லை. புதுக் குளிசை, அது கண்ணில் கை வைக்கும் என்று அந்த நாளில் அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அங்கே ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி மெசின் இருந்தது. அதற்குள் முகத்தை வைத்து நடுவில் இருக்கிற புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சின்ன வெளிச்சம் ஒன்று ஓரத்திலிருந்து உள்ளே வரும். கண்டவுடன் கையில் இருக்கிற பொத்தானை அமத்த வேண்டும். நான் வெளிச்சத்தை ஓட்டுகிற பெண்ணுக்குப் பின்னால் நின்றேன், எனக்குக் கிண்ணத்தின் உள்பக்கம் தெரிந்தது. வெளிச்சம் வந்தது. அவர் அமத்தவில்லை. இந்தா வருகிறது, அமத்துங்கோ என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. வெளிச்சம் இன்னும் உள்ளே வந்தது, இன்னும் வந்தது, அவர் பொத்தானைப் பிடித்தபடி பேசாமல் இருந்தார். மேலே, கீழே, இடம், வலம், எங்கிருந்து வந்தாலும் அப்படித்தான். கடைசியில் அந்தப் பெண் தாளில் கோடு கீறி முடித்தபோது நடுவில் ஒரு அப்பளம் அளவு வட்டம் இருந்தது. சாதாரணக் கண்ணுக்குத் தாள் நிறைய இருக்குமாம். அந்த வட்டத்துக்கு வெளியேதான் நான் அவருக்குத் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

போனது திரும்பி வராது என்றார்கள். இருப்பதைக் காப்பாற்றலாம். காப்பாற்றினார்கள். துறைமுகத்து வேலையை விட்டார், பிறகு ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில், நேரே முன்னால் பார்த்துச் செய்கிற வேலையாக, பாத்திரம் கழுவ எடுத்தார்கள். வலிப்புக்கு வேறு குளிசை. அதற்கும் பெரிய டொக்டர் வெள்ளைத் தாளில் புத்திமதிதான் எழுதினார். சின்ன டொக்டர் அதைப் பற்றி வாசித்து, என் கணவரை இருத்தி வைத்துக் கேள்வி கேட்டு, மாதாமாதம் கண்ணையும் இரத்தத்தையும் பார்ப்பேன் என்று சொல்லித்தான் சிவப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

நான் விடவில்லை. என் குணம் அது. கண்ணைக் கெடுத்த அந்தக் குளிசையை எழுதினது யார் என்று இருவரிடமும் போய்க் கேட்டேன். நான் எழுதவில்லை, புத்திமதிதான் சொன்னேன் என்றார் பெரிய டொக்டர். நான் எழுதவே மாட்டேன் என்றேனே என்றார் சின்ன டொக்டர். இரண்டும் உண்மைதான். அலுமாரியிலிருந்து வந்த குளிசைக்குச் சீட்டே இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஒரு மனிசன் விழுங்கின மருந்துக்குக் கீழே, பலேர்மோ முழுக்கத் தேடினாலும், ஒருவருடைய கையெழுத்தும் இல்லை. மருந்தைத் தெரிந்தவர் எழுத வேண்டுமா, ஆளைத் தெரிந்தவர் எழுத வேண்டுமா என்று பின்னாட்களில் எங்கள் ஆட்கள் கோயில் வாசலில் என்னைக் கேட்பார்கள். இதில் நான் பெரிய அனுபவசாலி என்று அவர்களுக்கு நினைப்பு. யார் வேண்டுமானாலும் எழுதட்டும், எழுதுகிறவர் ஆளின் முகத்தைப் பார்த்து வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுதட்டும் என்பேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூசும், ஏனென்றால் ஒரே வீட்டில் இருந்த நான் கேட்கவில்லை.

இதெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்து, சோறும் மீன் குழம்பும் சமைத்து இருவரும் சாப்பிட இருந்தோம். வழக்கம்போல நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"ஏனப்பா எனக்கு முதலே சொல்லேல்லை?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"முதல் பயத்தில சொல்லேல்லை. குளிசையை விட்டா விழுந்திடுவன் எண்டு. பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான். அதுக்குள்ளை நீர் அந்தக் குளிசைக்காக வாசல் வாசலா ஏறி இறங்கத் துடங்கீட்டீர். ஒவ்வொரு நாளும் களைச்சு விழுந்து வந்து, இண்டைக்கு இப்பிடிக் கேட்டனான், நாளைக்கு அப்பிடிக் கேட்பன் எண்டு சொல்லுவீர்." அவர் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்காக ஒருத்தரும் அப்பிடிச் சண்டை பிடிச்சதில்லை. எப்பிடி வேண்டாம் எண்டுறது."

நான் எழும்பி, என் கோப்பையையும் கதிரையையும் தூக்கிக்கொண்டு போய், அவருக்கு நேர் எதிரே போட்டு இருந்தேன்.